புது நாய்க்குட்டி இரவில் நித்திரை கொள்ள: கொழும்பு வீடுகளுக்கான வழிமுறை

புதிதாக நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் இரவு பத்தரை மணிக்கே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "பாவம், தூக்கிக் கட்டிலில் போடுங்கோ" என்பது ஒரு கட்சி. "கத்தட்டும், நாலு நாளில் தானாக அடங்கும்" என்பது மற்றது. பல வீடுகளில் இரண்டாவது கட்சிதான் வெல்கிறது. குட்டியை வாகனம் நிறுத்தும் இடத்திலோ குசினிக்குப் பின்னாலோ கட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

எட்டுக் கிழமைக் குட்டி நேற்றுவரை தாயோடும் கூடப்பிறந்தவையோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்தது. தனியே கிடப்பது அதற்கு ஆபத்து. தாயைக் கூப்பிட அதற்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான். நாலாம் நாள் சத்தம் நின்றுவிட்டால் அது நித்திரைக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூப்பிட்டும் எவரும் வராததால் ஓய்ந்திருக்கலாம். அப்படி விடப்பட்ட குட்டிகளில் சில வளர்ந்தபின் தனியாக இருக்க முடியாமல் கதவைப் பிறாண்டும், பகல் முழுக்கக் குரைக்கும். ஆகவே முதல் கிழமை குட்டி ஓர் ஆளின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுக்கட்டும். பிறகு அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சாப்பாடு, கழிவு, வெக்கை, நுளம்பு எல்லாவற்றையும் இதைச் சுற்றியே ஒழுங்குபடுத்த வேண்டும்.

கொண்டுவரும் முன்

விற்பவர்கள் 45 நாளிலேயே கையில் தந்துவிடப் பார்ப்பார்கள். முடிந்தால் 56 நாள், அதாவது எட்டுக் கிழமை, நிறையும்வரை தாயிடம் விடச் சொல்லுங்கள். ஐந்து, ஆறு கிழமையில் பிரிந்த குட்டி கூடுதலாக அழும், கூடுதலாகக் கடிக்கும். கடியின் அளவை அது கற்பது கூடப்பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான்.

குட்டியை எடுத்துவர ஒரு நாள் முழுதும் கையில் இருக்கும்படி காலையைத் தேர்ந்தெடுங்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள், ஆனால் காலையில் அமையும் நல்ல நேரமாகப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வந்து சேரும் குட்டிக்குப் புது வீடு, புது ஆட்கள், இருட்டு, தனிமை நான்கும் ஒரே நேரத்தில் தலையில் விழும்.

இரண்டு பழைய துணிகளை, சாறமோ துவாயோ, இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கொண்டுபோய்த் தாய் படுக்கும் இடத்தில் போட்டு வையுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் எடுக்கப் போகும் அன்று தாயின் உடம்பிலும் மற்றக் குட்டிகளிலும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். இரண்டு துணி ஏனென்றால் முதல் இரவே ஒன்றில் சிறுநீர் போகும். அதைத் தோய்த்தால் தாயின் மணம் போய்விடும். இரண்டாவதைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்து அப்போது எடுங்கள்.

முதல் கிழமை உணவையும் மாற்றவேண்டாம். அங்கே என்ன கொடுத்தார்கள், எத்தனை தரம் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்ற விரும்பினால் பிறகு ஏழு நாளில், காலுக்குக் கால் பங்காகக் கலந்து மாற்றலாம். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கலங்கும். வயிறு கலங்கிய குட்டி இரவில் மூன்று நான்கு தரம் எழும்பும்.

படுக்கும் கூடு

கம்பிக் கூடு, பிளாஸ்ரிக் கூடு, நாலு பக்கத் தடுப்பு எதுவும் சரி. அளவுதான் முக்கியம். குட்டி நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். எட்டுக் கிழமை நாட்டு நாய்க்குட்டிக்கு 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் தாராளம். வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று 90 செ.மீ. கூடு வாங்குவதில் பிழையில்லை, ஆனால் தடுப்புப் பலகை வைத்து இப்போதைக்குச் சுருக்குங்கள். கூடு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் பெய்துவிட்டு மற்ற மூலையில் நிம்மதியாகப் படுத்துவிடும். தான் படுக்கும் இடத்தை அசிங்கப்படுத்தாத அதன் இயல்பான பழக்கம் அங்கே வேலை செய்யாது.

கம்பிகளுக்கு இடையே குட்டியின் தலை நுழையக்கூடாது. கூட்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டி மூச்சு நின்ற சம்பவங்கள் உண்டு. இதே காரணத்துக்காக இரவில் கயிற்றிலோ சங்கிலியிலோ கட்டி வைப்பதும் கூடாது. கூடு வாங்கக் காசு இல்லையென்றால் பெரிய அட்டைப்பெட்டி இரண்டு மூன்று கிழமைக்குக் கைகொடுக்கும். ஒரு பக்கத்தை வெட்டி வாசல் வைத்து, இரும்புக் கம்பிகளையும் ஒட்டு நாடாவையும் நீக்கிவிட்டு, அடியில் பொலித்தீனும் அதன்மேல் பழைய சாறமும் விரியுங்கள். ஸ்பொஞ்ச் மெத்தை வேண்டாம். பல் முளைக்கும் வயதில் அதைக் கிள்ளித் தின்னும், குடலில் அடைக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு வார்த்தை தேவைப்படும். படுக்கை அறைக்குள் நாய் வரக்கூடாது, சாமி அறைப் பக்கமே போகக்கூடாது என்று அம்மம்மா சொன்னால் வாதாடிப் பயனில்லை. வாதாடத் தேவையும் இல்லை. கூட்டை ஹோலில் வைத்து, யாராவது ஒருவர் ஒரு கிழமை அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தால் காரியம் நடந்துவிடும். குட்டிக்கு வேண்டியது ஆள். அறை எதுவானாலும் அதற்குச் சரி. அந்த ஆள் முதல் ஐந்து ஆறு இரவும் ஒருவராகவே இருந்தால் நல்லது. கட்டிலில் படுப்பவரானால் கூட்டை ஒரு ஸ்டூலில் உயர்த்தி வைத்து, கை நீட்டினால் விரல் எட்டும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டூல் ஆடினால் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கட்டிலில் கூடவே படுக்க வைப்பது பற்றி: செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை, ஆனால் இந்த வயதில் இரண்டு சிக்கல். கட்டிலிலிருந்து குதித்தால் கால் முறியும். சிறுநீர் வந்தால் உங்களுக்குத் தெரியாமலே மெத்தையில் போகும். வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

வெக்கையும் நுளம்பும்

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சுடுதண்ணீர்ப் பை வை, கம்பளி போர்த்து என்று சொல்லும். கொழும்பில் அதை அப்படியே செய்தால் குட்டி வெக்கையில் தவிக்கும். நள்ளிரவிலும் 25 பாகை அளவில் நிற்கும் ஈரக்காற்றுள்ள ஊர் இது. இங்கே குட்டி வெக்கையாலும் அழலாம். நாக்கை வெளியே போட்டு வேகமாக மூச்சு வாங்கினால், படுக்கையை விட்டு வெறும் நிலத்தைத் தேடினால், காரணம் அதுதான். கூட்டின் பாதித் தரைக்கு மட்டும் துணி விரியுங்கள். மறுபாதியில் குளிர்ந்த தரை இருக்கட்டும். வேண்டியபோது அதுவே இடம் மாறிக்கொள்ளும்.

கூட்டின் மேலேயும் பின்புறத்திலும் மெல்லிய பருத்தித் துணி போட்டு மறைத்தால் குகைபோல அமைதியாக இருக்கும். முன்புறமும் ஒரு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மின்விசிறியை நேரே குட்டிமேல் அடிக்க விடாமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். அதன் ஓயாத இரைச்சல் தெருச் சத்தத்தையும் அமுக்கும். ஏ.சி. அறையானால் 26 பாகை போதும். குளிர்காற்று விழும் நேர்கோட்டில் கூடு வேண்டாம். மிகச் சிறிய இனக் குட்டிக்கோ மெலிந்த குட்டிக்கோ ஏ.சி. அறையிலும் மார்கழி மழை இரவிலும் மடித்த துவாய் ஒன்று கூடுதலாக வைக்கலாம்.

நுளம்புச் சுருளைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொளுத்தவேண்டாம். புகையைக் குட்டி நேரே மூச்சில் இழுக்கும். பகலில் அணைந்த துண்டையும் எடுத்து மென்றுவிடும். கூடு முழுவதையும் நுளம்பு வலையால் மூடி, ஓரங்களைக் கூட்டுக்கு அடியில் செருகுங்கள். கம்பிக்குள் இழுத்துத் தின்ன முடியாதபடி வலை சற்று விலகி நிற்க வேண்டும். இலங்கையில் நாய்களின் தோலுக்கடியில் வாழும் பைலேரியாப் புழுவைப் பரப்புவது நுளம்புதான். ஆகவே நித்திரைக்காக மட்டுமன்றி, இதற்காகவும் வலை வேண்டும்.

பின்னேரத்துச் சாப்பாடு

எட்டு முதல் பன்னிரண்டு கிழமைவரை நாளுக்கு நான்கு வேளை: காலை 7, பகல் 11, பின்னேரம் 3, மாலை 6.30. கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் இடையே மூன்றரை மணித்தியாலமாவது இருந்தால் படுக்குமுன்னரே மலம் போய்விடும். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் போகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் இரண்டு மணிக்கு எழும்பித் துடைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரை மாலையிலேயே எடுத்துவிடும் வழக்கம் இங்கே பொருந்தாது. ஒன்பது ஒன்பதரைவரை கிண்ணத்தில் இருக்கட்டும், பிறகு எடுங்கள். வெக்கை கடுமையான இரவில் இரண்டு மூன்று மிடறு கொடுப்பதால் குடிமுழுகிப் போகாது.

பால்மா கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் இரவு வயிற்றோட்டத்துக்கு ஒரு காரணம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பசுப்பாலில் உள்ள லக்ரோஸ் சரியாகச் செரிக்காது. பாணைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பதும் அதே கதை. கறிச் சோறு கொடுப்பவர்கள் கவனிக்க: வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் இரவில் சிறுநீராக வரும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் உப்பு, தூள், வெங்காயம் எதுவும் சேராமல் அவித்த கோழி இறைச்சியும் குழைந்த சோறும் தனியாக எடுத்து வையுங்கள். வளரும் குட்டிக்கு அது மட்டும் நீண்ட காலம் காணாது. கல்சியம் முதலியவற்றுக்கு மிருக வைத்தியரைக் கேட்க வேண்டும். அவித்த எலும்பு ஒருபோதும் கூடாது.

விடியற்காலை நாலு ஐந்து மணிக்கு மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும் குட்டிகள் சில உண்டு. வெறும் வயிற்றில் பித்தம் ஊறுவதால் வருவது அது. இரவு ஒன்பதுக்கு அன்றைய உணவிலேயே ஒரு சிறு கைப்பிடி ஒதுக்கி வைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். பொமரேனியன், சிவாவா போன்ற பொடி இனங்களுக்கு இந்த ஒன்பது மணி உணவு கட்டாயம். நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் இரத்தத்தில் சீனி இறங்கித் தள்ளாடும், நடுங்கும். அப்படிக் கண்டால் முரசில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

பகல் நித்திரை குறைந்தால் இரவு நித்திரையும் குறையும்

"பகலில் ஓடவிட்டுக் களைக்கப் பண்ணினால் இரவில் அடித்துப் போட்டதுபோலக் கிடக்கும்" என்று நினைத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து பத்துமணிவரை விளையாடுவார்கள். நடப்பது தலைகீழ். இந்த வயதில் ஒரு நாளில் 18 முதல் 20 மணித்தியாலம் நித்திரை தேவை. அளவு மீறிக் களைத்த குட்டி அடங்காது. கால்சட்டையைப் பிடித்து இழுக்கும், கண்டபடி கடிக்கும், வீட்டைச் சுற்றி வெறிபிடித்ததுபோல ஓடும். ஒரு மணித்தியாலம் விழிப்பு, அதன்பின் ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கூட்டில் ஓய்வு என்ற ஒழுங்கைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழிலிருந்து எட்டரைவரை ஒரு தூக்கம் கட்டாயம் விழவேண்டும். அந்தத் தூக்கம் தவறிய அன்று பத்தரைக்குப் படுக்கையில் சண்டைதான்.

கூட்டையும் பகலில்தான் பழக்க வேண்டும். முதல் பகல் கதவைத் திறந்தே வைத்து, மூன்று வேளைச் சாப்பாட்டையும் உள்ளே வையுங்கள். இடையிடையே ஒரு துண்டு கோழி இறைச்சியை உள்ளே போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தானாக உள்ளே போய் வரத் தொடங்கியதும், அது மென்றுகொண்டிருக்கும்போது கதவைப் பத்து விநாடி சாத்தித் திறவுங்கள். அடுத்தது அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். களைத்து விழும் தூக்கங்களை உள்ளேயே நடத்துங்கள். தண்டனையாக அதில் போட்டுப் பூட்டியது ஒரு தடவை நடந்தாலும் அந்த வேலை முழுவதும் வீணாகும். முதல் நாள் பகலுக்குள் எல்லாம் முடியாது. அப்படியானால் முதல் இரவு கதவைத் திறந்து வைத்துச் சுற்றிலும் தடுப்பு வைத்தால் போதும்.

இரவு, மணிப்படி

ஒன்பதரைக்கு வீட்டின் வெளிச்சத்தைக் குறையுங்கள், தொலைக்காட்சிச் சத்தத்தையும்தான். பத்தேகாலுக்குக் கழிவிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துங்கள். நடத்திக்கொண்டு போனால் வழியிலேயே போய்விடும். போகும்வரை அசையாமல் நில்லுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்தும் போகாவிட்டால் உள்ளே வந்து பத்து நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடியும் போங்கள். போய் முடிந்த அந்த நொடியே ஒரு சிறு துண்டு தின்னக் கொடுங்கள். பத்தரைக்குக் கூடு, தாய்மணத் துணி, வலை, உங்கள் விரல்கள் கம்பிக்கு இடையில்.

பிறகு அலாரம். எட்டுக் கிழமைக் குட்டி இரவில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் அடக்கும். பத்துக் கிழமையில் நான்கு, பன்னிரண்டில் ஐந்து, பதினாறு கிழமையில் ஏழுவரை போகும். ஆகவே முதல் கிழமை 1.30க்கும் 4.30க்கும் அலாரம் வையுங்கள். குட்டி அழுது எழுப்புமுன் நீங்கள் எழும்புவதில்தான் நுட்பம் இருக்கிறது. அழுத பிறகு கதவு திறந்தால், அழுதால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். அழாதபோதே திறந்தால் அந்தப் பாடம் உருவாகாது.

இரவுப் பயணத்தில் பேச்சில்லை, விளையாட்டில்லை, பெரிய விளக்கில்லை. தூக்கு, கொண்டுபோ, நில், கொடு, கூட்டில் விடு. எல்லாம் ஐந்தாறு நிமிடம். தொடர்ந்து மூன்று இரவு நனையாமல் கழிந்தால் முதல் அலாரத்தை 20 நிமிடம் தள்ளுங்கள். மூன்று மணி அளவில் வந்ததும் 4.30 அலாரத்தை நிறுத்திவிட்டு, ஒற்றை அலாரத்தை விடியலை நோக்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நனைந்த இரவு வந்தால் ஒரு படி பின்னே.

துடைப்பதிலும் ஒரு விஷயம். மணம் தங்கினால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் மணம் போகும். டெராஸோ, மாபிள் தரையில் வினாகிரி படக்கூடாது, பளபளப்பை அரித்துவிடும். அங்கே சவர்க்காரத் தண்ணீர், அல்லது செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவம். ப்ளீச்சைச் சிறுநீர்மேல் நேரே ஊற்றினால் கண்ணும் மூக்கும் எரியும் வாயு வரும்.

தொடர்மாடியில் கழிவிடம்

தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைத் தெரு மண்ணில் விடக்கூடாது. குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றோட்டம் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டாக்காலி நாய்கள் போய்வரும் ஒழுங்கைகளில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒன்றாக, பதினாறு கிழமைவரை தொடரும். மதில் கட்டிய சொந்த வளவு இருந்தால் பரவாயில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆறாம் மாடிக்காரர்களுக்கு நள்ளிரவில் லிஃப்டில் இறங்குவதும் நடக்காத காரியம்.

பல்கனியில் 60க்கு 45 செ.மீ. தட்டு ஒன்றில் புற்றரைத் துண்டு பதித்து வைப்பது சிறந்த வழி. புல்லின் தொடுகை பழகினால் பின்னால் வெளியே போகும்போது குழப்பமில்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டு கிழமையில் துண்டை மாற்றுங்கள். அது முடியாவிட்டால் பழைய பத்திரிகை, நாலைந்து தாள் தடிப்பாக. பழைய வீரகேசரி வீட்டில் எப்போதும் இருக்கும். பத்திரிகைக்குப் பழகிய குட்டி பின்னர் நீங்கள் வாசித்துவிட்டு நிலத்தில் வைத்த இன்றைய தாளையும் விட்டுவைக்காது என்பது அதன் குறை. தும்புத் துகள் போடவேண்டாம், தின்னும். பல்கனிக் கம்பி இடைவெளியைத் தட்டு வைக்கும் முன்னரே வலைக்கம்பியால் அடைத்துவிடுங்கள். அடுத்து, அயல் வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: ஒரு கிழமை கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. சொல்லிவிட்ட வீட்டிலிருந்து முறைப்பாடு வருவது குறைவு.

எந்த அழுகை எதற்கு

கூட்டுக் கதவு சாத்தியதும் அனுங்கி, இடையிடையே நின்று, சத்தம் இறங்கிக்கொண்டே போனால் அது நித்திரைக்கு முன்வரும் சிணுங்கல். விரலை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள். நன்றாக நித்திரை கொண்டது திடீரென்று எழும்பி, சுற்றி முகர்ந்து, அனுங்கினால் கழிவு, தாமதிக்காமல் தூக்குங்கள். சத்தம் ஏறிக்கொண்டே போய் அலறலாகி, கம்பியைக் கடித்து, வாய்நீர் ஒழுகினால் அது பயம். அதை அழவிட்டு ஆற்ற முடியாது. வெளியே எடுத்து மடியில் அமைதிப்படுத்தி, கதவைத் திறந்து வைத்துப் படுங்கள். மறுநாள் பகல் பயிற்சியில் இரண்டு படி பின்னே போங்கள். அதட்டுவது, கூட்டைத் தட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பயத்தைக் கூட்டும். அடிக்கடி சொறிந்துகொண்டே அழுதால் தெள்ளும் உண்ணியும் பாருங்கள்: காதுக்குள், விரலிடுக்கில், கழுத்தடியில். வயிறு மேளம்போல உப்பி அமைதியில்லாமல் புரண்டால் புழு. எட்டுக் கிழமைவரை இரண்டு கிழமைக்கொருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதமொருமுறை புழு மருந்து. அளவு குட்டியின் நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்வது.

பனடோல் கொடுக்கவேண்டாம். நாய்க்கு அது நஞ்சு. நித்திரை வரட்டும் என்று வீட்டிலுள்ள அலர்ஜிக் குளிசையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

விலகிப் போவது

மூன்று நான்கு இரவு தொடர்ந்து அலாரங்களுக்கு இடையில் அழாமல் கழிந்ததும் தொடங்குங்கள். முதலில் விரலை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே படுங்கள். இரண்டு இரவு கழிய கூட்டை அரை மீற்றர் தள்ளுங்கள். அடுத்த இரண்டு இரவுக்கு இன்னும் அரை மீற்றர். அறை வாசல், வாசலுக்கு வெளியே, கடைசியாக அது நிலையாகப் படுக்கவேண்டிய இடம். இரண்டு மூன்று கிழமை எடுக்கும். ஹோலில் பாய் போட்டுப் படுத்தவரானால் கூடு நகராது, பாய் நகரும். அழுகை திரும்பினால் கடைசியாக நன்றாகப் படுத்த தூரத்துக்குப் போய் இரண்டு இரவு நின்று மறுபடி தொடங்குங்கள்; நடுவில் நின்று தாக்குப்பிடிப்பதில் பயனில்லை.

ஊரின் சத்தங்கள்

தெரு நாய்கள் ஒன்று குரைக்க மற்றது பதில் சொல்லும்; குட்டியும் சேர்ந்துகொள்ளும். தெருப் பக்க யன்னலிலிருந்து கூட்டை மாற்றி, மின்விசிறி இரைச்சலை நம்புங்கள். கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்து வீடுகளில் ரயில் போகும் பகல் நேரங்களில் ஒரு துண்டு தின்னக் கொடுத்து வந்தால் சில நாளில் இரவு ரயிலுக்கும் தலை நிமிர்த்தாது. விடியப்புறம் பாண் ஓட்டோவின் இசையோடு எழும்பும் குட்டிக்கு உடனே சாப்பாடு வைத்தால் நாளை இசைக்கு ஐந்து நிமிடம் முன்னமே எழும்பி நிற்கும். கழிவுக்கு மட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டில் விட்டு, அரைமணித்தியாலம் கழித்துச் சாப்பாடு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி இரவுகளில் எல்லாப் படிகளையும் மறந்து பக்கத்தில் போய்ப் படுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. தீபாவளிக் கிழமையிலும் டிசம்பர் கடைசியிலும் சித்திரைப் புத்தாண்டிலும் புதுக் குட்டி கொண்டுவருவதைத் தவிருங்கள். சித்திரையில் சுபநேரம் நள்ளிரவில் அமைந்தால் பட்டாசும் நள்ளிரவில்தான்.

வைத்தியரிடம் போகவேண்டியவை

ஒருவேளைக்கு மேல் சாப்பிட மறுத்தல், இரத்தம் கலந்த வயிற்றோட்டம், திரும்பத் திரும்ப வாந்தி, முரசு வெளிறியிருத்தல், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடத்தல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். "இன்றைக்கு அழாமல் படுத்துவிட்டது" என்று சந்தோஷப்பட்ட குட்டி உண்மையில் பார்வோவில் சோர்ந்து கிடந்ததாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் முரசு வெளிறலாம்.

தெருவில் கண்டெடுத்த குட்டியானால், தாயின் வரலாறு தெரியாததால், கடியையும் பிறாண்டலையும் அலட்சியம் செய்யக்கூடாது. தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச மருத்துவமனைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள்.

பதினாறு கிழமை தாண்டியும் இரவில் மூன்று நான்கு தரம் சிறுநீருக்கு எழும்பும் குட்டிக்கு, முக்கியமாகப் பெட்டைக் குட்டிக்கு, சிறுநீர்த் தொற்று இருக்கலாம். அடிக்கடி குந்தும், சொட்டுச் சொட்டாகத்தான் போகும். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான சிறு போத்தலில் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் சேர்த்தால் பரிசோதனை எளிது. குட்டி குந்தியதும் பின்பக்கமாக ஒரு தட்டையான சோசரை நீட்டினால் பிடித்துவிடலாம்.